முதலில் பிரேமின் முதுகைப் பாருங்கள்

கைவினைப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

பழைய படப் பிரேம்களைத் துணி, கடதாசி, புட்டி (சுவர் வெடிப்பு அடைக்கும் பில்லர் கலவை), இலை, பெயின்ட் எல்லாம் கலந்து புதுப்பிப்பது பற்றித்தான் இம்முறை கடிதங்கள் அதிகம். பசை டப்பாக்களில் போட்டிருக்கும் உலரும் நேரம் எல்லாம் கொழும்பு வெக்கைக்குச் சரி, நம் குளிருக்குச் சரிவராது. அதனால் இங்கே சொல்லும் கணக்குகளை மலைநாட்டுக்கு ஏற்றபடியே சொல்கிறோம்.

பழைய சாமான் கடைகளில் பிரேம்கள் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்திருப்பதால் மரமா பிளாஸ்டிக்கா என்றே தெரிவதில்லை. எதைப் பார்த்து எடுப்பது?
*வாசகி, கொட்டகலை*

முன்பக்க அழகில் மயங்காமல் பிரேமைத் திருப்புங்கள். பின்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடித்து மினுக்குவதில்லை, அதனால் அது பொய் சொல்லாது. மரமென்றால் நரம்பு ஓடியிருக்கும். எம்டீஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) என்றால் ஒரே சீரான தவிட்டு நிறத்தில் அமுக்கிய அட்டை மாதிரி இருக்கும். மிக இலேசாக இருந்து, மூலை வெட்டில் நுண்ணிய குமிழ்த் துளைகள் தெரிந்தால் அது பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். கனமாக இருந்து, உடைந்த இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மரத்தின்மேல் சுண்ணம் வார்த்த வேலைப்பாடு.

சந்தேகம் தீரவில்லையா? நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் (அசெட்டோன் கலந்தது) பஞ்சுக்குச்சியை நனைத்துப் பின்புறம் ஓர் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பொலிஸ்டைரீன் உடனே பிசுபிசுத்து இளகும். இந்தச் சோதனையை விளையாட்டாக நினைக்காதீர்கள். ஸ்பிரே பெயின்ட், தின்னர், தோல் ஒட்டும் மஞ்சள் பசை ஆகிய மூன்றும் அந்த வகைப் பிரேமைக் கரைத்துவிடும். தண்ணீரில் கரையும் பெயின்ட், மர வேலைக்கான வெள்ளைப் பைண்டர் கம் இரண்டும்தான் அதற்கு ஆகும்.

அடுத்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இலேசாக முறுக்குங்கள். மூலை வாய் திறந்தால் ஒட்டு விட்டுவிட்டது. அதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. நான்கு சட்டங்களையும் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பசை வையுங்கள். காய்ந்த பைண்டர் கம்மின்மேல் புதுக் கம் பிடிக்காது. பலர் சுரண்டாமல் மேலேயே ஊற்றுகிறார்கள், ஒரு மாதத்தில் மறுபடி வாய் திறக்கிறது. ஒட்டியபின் பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டியாக வெட்டி இறுகச் சுற்றி, ஒரு முழு நாள் விடுங்கள். சுற்றிய உடனே இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது, கண்ணாடி உட்காராது.

கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள். 2 மில்லிமீற்றர் கண்ணாடி, 1.5 மில்லிமீற்றர் மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை), படம், 3 மில்லிமீற்றர் ஹார்ட்போர்ட் எல்லாம் சேர்த்தால் 7 மில்லிமீற்றர் வருகிறது. 8 இருந்தால் நிம்மதி.

வேண்டவே வேண்டாம் என்று வைத்துவிட வேண்டியவை: நனைந்து ஊதிய எம்டீஎஃப் (ஊதினது திரும்ப இறங்காது), நகத்தால் அமுக்கினால் பொடியும் மரம். தடித்த பழைய எனாமல் உரிந்துகொண்டிருக்கும் பிரேமும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. பெயின்டில் ஈயத்துக்கான வரம்பு இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றை எடுத்தே தீருவீர்கள் என்றால் உலர்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

மரப் பிரேம் ஒன்றைச் சுவரில் வைத்த இடத்தில் மாவு மாதிரித் தூள் விழுகிறது. உளுத்துவிட்டதா? மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார்கள்.
*வாசகர், பண்டாரவளை*

மண்ணெண்ணெய் பூசிய மரத்தில் அதன்பின் பசையும் ஏறாது, தண்ணீர்ப் பெயின்டும் ஏறாது. பூச்சு வேலைக்கு அந்தப் பிரேம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். துளைகளைத் தூரிகையால் தட்டித் துப்புரவாக்கி, கறுப்புத் துணியின்மேல் மூன்று நான்கு வாரம் கிடத்துங்கள். புதிதாக வெளிறிய தூள் விழுந்தால் உள்ளே வேலை நடக்கிறது. நான்கு சட்டங்களாகக் கழற்றி, இரண்டு சுற்றுப் பொலித்தீனில் காற்றை அமுக்கி எடுத்துக் கட்டி, பிரிட்ஜின் உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் கட்டோடு விட்டால் ஈரம் பொலித்தீனின் வெளிப்புறத்தில் படியும், மரத்தில் படியாது. சுண்ண வேலைப்பாடு உள்ள பிரேமுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது, வெடித்துவிடும். பிறகு துளைகளை மரத்தூளும் பைண்டர் கம்மும் பிசைந்து அடைத்து, காய்ந்தபின் தேய்த்துவிடலாம்.

அம்மம்மாவின் கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய், ஓரமெல்லாம் பூஞ்சணம். படத்தைப் பிரித்தெடுத்துப் புதுப் பிரேமில் வைக்க வேண்டும்.
*வாசகி, மஸ்கெலியா*

பிரிக்காதீர்கள். பழைய புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியில் பிடித்து, வெயில் காலத்தில் இறுகிவிடுகிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெறும் கடதாசிதான் கையில் வரும்.

கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு, நல்ல ஸ்கானர் உள்ள ஸ்டூடியோவில் 600 டிபிஐயில் எடுக்கச் சொல்லலாம். அது முடியாவிட்டால் பகல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும் ஜன்னலோரத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். போனைப் பிடித்திருக்கும் உங்கள் உருவம் கண்ணாடியில் தெரியும். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதன் வழியாக எடுத்தால் தெரியாது. அலங்கார வேலையெல்லாம் பிரதியில்தான். மூலத்தைக் கண்ணாடியோடு அப்படியே அமிலமற்ற கடதாசியில் சுற்றி, சுவரோரம் ஒட்டாமல் அலுமாரியில் வையுங்கள்.

பிரேமில் உள்ள பூஞ்சணத்துக்கு: வெளியே எடுத்துப்போய், முகக்கவசம் போட்டு, மென்மையான பிரஷால் உலர்ந்தபடி தட்டுங்கள். பிறகு பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைத்து, இரண்டு நாள் காற்றாட விடுங்கள். அரக்குப் பொலிஷ் பூசிய பழைய பிரேமில் ஸ்பிரிட் பட்டால் பொலிஷே கரையும். மறைவான ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். புதுப் படம் வைக்கும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டை கட்டாயம். அந்த 1.5 மில்லிமீற்றர் இடைவெளி இல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது.

உடைந்த பீங்கான் துண்டுகளை எனாமல் பூசிய பிரேமில் பைண்டர் கம் வைத்து ஒட்டினேன். கம் வெள்ளைப் பொடியாகக் காய்ந்து, துண்டுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. கம் பழுதா?
*வாசகி, நுவரெலியா*

கம்மில் பழுதில்லை. இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, குளிர். பைண்டர் கம் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்கள். தண்ணீர் போகப் போகத் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் சூடு தேவை. 10 பாகை செல்சியசுக்குக் கீழே பெரும்பாலான கம்களுக்கு அந்த வேலை ஓடாது. தண்ணீர் மட்டும் போய்விடும், துகள் துகளாகவே நிற்கும். அதுதான் நீங்கள் கண்ட வெள்ளைப் பொடி. தை, மாசியில் நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் இரவுகள் உண்டு. மாலையில் ஒட்டி இரவில் காயவிட்டால் இப்படித்தான் ஆகும். காலை பத்து மணிக்குமேல் ஒட்டுங்கள். கம் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுங்கள். பிரேமும் அறைச்சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். அவசரத்தில் விறகடுப்புக்கு மேலே தொங்கவிடுவோரும் உண்டு. புகையின் பிசுக்குப் படியும், மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும், மூலைகளும் திறக்கும்.

இரண்டு, நீங்கள் ஒட்டிய இரண்டு பொருளுமே தண்ணீரை உறிஞ்சாதவை. பீங்கான் உறிஞ்சாது, எனாமலும் உறிஞ்சாது. நடுவில் மாட்டிய கம்மின் தண்ணீர் எங்கே போகும்? துணி, கடதாசி, மரம் இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் பைண்டர் கம். பீங்கான், கண்ணாடி, உலோகப் பொத்தான், கடிகாரப் பாகம் என்றால் இரண்டு குழாயில் வரும் எபொக்சிதான். எனாமல் மேற்பரப்பை 150ஆம் இலக்க சேண்ட் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். எபொக்சியும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும். ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் மறுநாள்வரை அசைக்க வேண்டாம்.

10க்கு 12 அங்குல மரப் பிரேம் ஒன்று இருக்கிறது, சட்டம் 2 அங்குல அகலம். அம்மாவின் பழைய சேலைக் கரையையும் எழும்பி நிற்கும் புட்டி வேலையையும் சேர்த்துச் செய்ய ஆசை. ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருவீர்களா?
*வாசகி, ஹட்டன்*

சொல்கிறோம். ஒரு யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நான்கு பக்கமும் எல்லாவற்றையும் அப்ப வேண்டாம். இடது சட்டமும் கீழ்ச் சட்டமும் சேலைக் கரைக்கு. மேல், வலது சட்டங்கள் புட்டிக்கு. கனமான பொருட்களெல்லாம் ஒரே மூலையில். கண் நிற்க ஓர் இடம் வேண்டும்.

கண்ணாடியையும் பின்பலகையையும் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து துடையுங்கள். ஊற வைக்கக் கூடாது. காய்ந்தபின் 150, அதன்பின் 220 என்று சேண்ட் பேப்பரால் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள்.

அடிப்பூச்சை வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் 2 மேசைக்கரண்டியை ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பை வெள்ளை எமல்ஷனில் கலக்குங்கள். இந்தப் பிரேமுக்குக் கால்வாசிதான் போகும், ஆகவே நாலில் ஒரு பங்காகவே கலவுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது, தடித்துப்போகும். இரண்டு பூச்சு. பழைய வார்னிஷ் மரமென்றால் வெள்ளைக்குள்ளிருந்து மஞ்சள் கறை மேலே வரும். எத்தனை பூச்சு வெள்ளை அடித்தாலும் வரும். அதை நிறுத்த அடிப்பூச்சுக்கு முன் அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். மழை நாளில் அடித்தால் அரக்கு வெண்புகையாக மங்கும், நல்ல வெயில் பார்த்து அடியுங்கள்.

புட்டிக்கு: தண்ணீரில் கலக்கும் வோல் பில்லர் 4 மேசைக்கரண்டி, பைண்டர் கம் 1, வெள்ளை எமல்ஷன் 1. பில்லர் மட்டும் என்றால் காய்ந்ததும் தட்டினால் உதிரும், கம்தான் அதற்கு வளைவு தருகிறது. கம் கூடினாலோ ரப்பராகி சேண்ட் பேப்பருக்கு மசியாது. ஸ்டென்சிலை (வடிவம் வெட்டிய தகடு) மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, பழைய டெலிபோன் கார்ட் ஒன்றால் ஒரே இழுப்பில் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தடவுங்கள். புட்டி ஈரமாக இருக்கும்போதே ஸ்டென்சிலை நேரே மேலே தூக்கி, உடனே தண்ணீரில் போடுங்கள். 3 மில்லிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் போட்டால் மேல் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். உயரம் வேண்டுமென்றால் இரண்டு தடவையாக. கண்ணாடிப் பள்ளத்துக்குள் புட்டி வழிந்தால் அங்கேயே துடைத்துவிடுங்கள், காய்ந்தபின் உளி பிடிக்க வேண்டிவரும்.

ஆடி மழைக்கு ஹட்டன் பக்கத்தில் இது காய 2, 3 நாள் எடுக்கும். காய்ந்ததா என்று விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டாம். புறங்கையை வையுங்கள். சில்லென்று பட்டால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இந்தப் பொறுமை இல்லாதவர்களின் பிரேம்தான் பெயின்ட் அடித்தபின் கொப்புளம் போடுகிறது.

காய்ந்த புட்டியின்மேல் கடும் நிறம் ஒன்றை (கரும்பச்சை, காப்பி) முழுமையாகப் பூசுங்கள். அது காய்ந்ததும், வெளிர் நிறத்தை பிரஷில் தொட்டு, பிரஷைக் கடதாசியில் கிட்டத்தட்டக் காயும்வரை துடைத்துவிட்டு, மேடுகளின்மேல் மட்டும் உரசுங்கள். பள்ளம் கறுத்தும் மேடு வெளுத்தும் நிற்கும். பெயின்ட் வேலை முழுதும் முடிந்தபின்தான் சேலை. முன்னரே ஒட்டினால் ஏதாவது ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தே தீரும்.

இரண்டு சட்டத்துக்கும் வெட்டு, மடிப்புச் சேர்த்து ஒரு யார் கரை போதும். மெல்லிய துணிக்குக் கம்மை நேரே தடவினால் ஊறிக் கறுத்த திட்டுத் திட்டாகத் தெரியும், அது போகவே போகாது. அதனால் கம்மை மரத்தில் மட்டும் மெல்லிதாகத் தடவி முழுதாகக் காயவிடுங்கள். அதன்மேல் துணியை விரித்து, பேக்கிங் கடதாசி ஒன்றை வைத்து, அயன்பெட்டியை மிதமான சூட்டில் பத்துப் பதினைந்து விநாடி அமுக்குங்கள். காய்ந்த கம் சூட்டில் இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும், ஊறாது. நைலக்ஸ் மாதிரி செயற்கை இழைச் சேலைக்குச் சூட்டை ஆகக் குறையுங்கள், இல்லாவிட்டால் துணி உருகும். மூலையில் இரண்டு துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு 45 பாகையில் ஒரே வெட்டாக வெட்டினால் இணைப்பு தெரியாது. ஓரங்களைப் பின்னால் மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள்.

கடைசியாகக் கனமான பொருட்கள்: பொத்தான், மணி, உடைந்த தோட்டின் பாகம். எபொக்சியால் ஒட்டுங்கள். மூன்று அளவில் எடுத்து, பெரியதை முதலில் வைத்து, இடைவெளியைச் சிறியவற்றால் நிரப்புங்கள். புட்டியின் நிறம் கண்ணில் குத்தினால் காப்பி நிறச் சப்பாத்துப் பொலிஷைத் துணியில் தொட்டு மேலாகத் தேய்த்துத் துடையுங்கள். பொலிஷ் மெழுகு, அதன்மேல் தண்ணீர் வார்னிஷ் ஒட்டாது. வார்னிஷ் அடிப்பதானால் அதை முதலில் அடித்து, பொலிஷைக் கடைசிக்கு வைக்க வேண்டும். துணியில் இரண்டுமே வேண்டாம்.

தங்க ரேக்கு ஒட்டிய பிரேம் ஓராண்டில் பச்சையும் கறுப்புமாகிவிட்டது.
*வாசகர், கம்பளை*

கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்க ரேக்கில் தங்கம் இல்லை. செம்பும் நாகமும் கலந்த பித்தளைத் தகடு அது. ஈரக் காற்றில் களிம்பேறும். ஒட்டி முடித்ததுமே அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு அடித்து மூடினால் நிறம் நிற்கும். தங்க நிற அக்ரிலிக் பெயின்டில் பெரும்பாலும் மைக்கா துகள்தான், அது களிம்பேறாது. எங்களைக் கேட்டால் மலைநாட்டு வீட்டுக்கு அதுவே நல்லது.

வெடிப்புப் பெயின்ட் முறையில் செய்தால் எனக்கு வெடிப்பே விழுவதில்லை.
*வாசகி, பதுளை*

கடும் நிறம் பூசிக் காயவிட்டு, அதன்மேல் பைண்டர் கம் தடவி, கம் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது வெளிர் நிறம் பூசுவதுதான் முறை. மேல் பெயின்ட் வேகமாகக் காய்ந்து சுருங்க, அடியில் கம் இன்னும் நழுவிக்கொண்டிருப்பதால் வெடிக்கிறது. கம் முழுதாகக் காய்ந்திருந்தால் நழுவ ஒன்றுமில்லை. ஈரமாகவே இருந்தால் இரண்டும் கலந்து குழம்பாகிவிடும். விரல் வைத்து எடுத்தால் ஒட்டி, ஆனால் நூல் இழுக்காத பதம் சரி. பதுளையில் வெயில் நாளில் 15 நிமிடத்தில் வரும், மார்கழி மழையில் ஒரு மணித்தியாலமும் ஆகலாம்.

இன்னொன்று, மேலே எந்தப் பெயின்ட் பூசினீர்கள்? குழாய் அக்ரிலிக் ரப்பர் மாதிரி நீளும், வெடிக்க மறுக்கும். மலிவான மட் எமல்ஷன்தான் இதற்கு உகந்தது. ஒரே இழுப்பில் பூசுங்கள், போன வழியில் பிரஷைத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். பூசியதும் ஹெயார் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்தால் கண்முன்னே வெடிக்கும். கம் தடிப்பாக இருந்தால் வெடிப்பு அகலமாகவும், மெல்லிதாக இருந்தால் நுணுக்கமாகவும் வரும்.

தேயிலைச் சாயத்தால் மரத்தைக் கறுப்பாக்கலாம் என்று கேள்விப்பட்டேன். சாயத்தண்ணி பூசிப் பார்த்தேன், வெறும் மஞ்சளாகத்தான் நிற்கிறது.
*வாசகர், தலவாக்கலை*

பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். தேயிலையில் உள்ள டனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேரும்போதுதான் கறுக்கும். இரும்புத் தண்ணீரை முதலில் தயாரியுங்கள். சோப்பு இல்லாத இரும்புக் கம்பிச்சுருள் ஒன்றைக் கழுவி எண்ணெய் போக்கி, 250 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரியில் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் சுருள் ஆகாது, அது கரையாது. மூடியை இறுக்கவே கூடாது. உள்ளே ஐதரசன் வாயு உருவாகும், போத்தல் வெடிக்கலாம். வெக்கையான ஊரில் இரண்டு நாள் போதும், உங்களூரில் நான்கைந்து நாள் விடுங்கள். துணியில் வடித்தெடுங்கள்.

சாயத்துக்கு 2 மேசைக்கரண்டி டஸ்ட் தேயிலை, 200 மில்லிலீற்றர் கொதிநீர், அரை மணித்தியாலம். சீனியும் பாலும் சேர்க்காதது என்று சொல்லத் தேவையில்லை. பூச்சு, வார்னிஷ் எதுவுமில்லாத வெறும் மரத்தில் சாயத்தை இரண்டு தடவை பூசிக் காயவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு இரும்புத் தண்ணீரைப் பூசுங்கள். சில நிமிடத்தில் சாம்பல், பிறகு கருநீலம், காயக் காயக் கறுப்பு. பைன் மாதிரி டனின் குறைந்த மரத்துக்குச் சாயம் கட்டாயம் வேண்டும். தேக்கு, பலா என்றால் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள், நிறம் வேறாக வரலாம். பிறகு மேலே தேன்மெழுகு தேய்த்தால் ஆழம் தெரியும். கறுப்புச் சட்டத்தில் காய்ந்த தேநீர்ப் பையின் தாளைக் கிழித்து ஒட்டினால் மிக நன்றாக எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: இரும்பும் டனினும் சேர்ந்த இந்தக் கலவை கடதாசியைக் காலப்போக்கில் அரிக்கும். படம் தொடும் உட்பள்ளத்தில் படாமல் டேப் ஒட்டிப் பாதுகாருங்கள்.

சுண்ண வேலைப்பாட்டில் ஒரு மூலைப் பூ உடைந்துவிட்டது. மற்ற மூலையைப் பார்த்து அச்சு எடுக்க முடியுமா?
*வாசகி, நாவலப்பிட்டி*

முடியும். வினாகிரி வாசம் வரும் சாதாரண சிலிக்கன் சீலண்டையும் சோளமாவையும் சம அளவில் எடுத்து, கையுறையோடு, ஜன்னலைத் திறந்துவைத்துப் பிசையுங்கள். நல்ல பூவின்மேல் வஸலின் மெல்லிதாகத் தடவி, பிசைந்ததை அமுக்குங்கள். அரை மணித்தியாலத்துக்குள் இறுகும். கழற்றி, அந்த அச்சில் எபொக்சிப் புட்டியை அடைத்து எடுங்கள்.

கம்மும் சோளமாவும் கிண்டிச் செய்யும் வீட்டுக் களிமண்ணையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். காயும்போது அது நன்றாகச் சுருங்கும். பக்கத்துப் பூவைவிடப் புதுப் பூ குட்டையாக நிற்பது தூரத்திலிருந்தே தெரியும். தனியாக ஒட்டும் இலை, கொடிக்கு அது சரி. இழப்பை ஈடுசெய்யும் வேலைக்குச் சரியில்லை.

காட்டு இலை, விதை, பைன் காய் ஒட்டிச் செய்த பிரேமில் காய்கள் தானாகக் கழன்று விழுகின்றன. ஏன்?
*மாணவி, வெலிமடை*

பைன் காய் செத்தபின்னும் அசையும். ஈரக் காற்றில் செதில்களை மூடும், வெயிலில் விரிக்கும். அந்த அசைவுதான் பசையை விடுவிக்கிறது. காயை முழுதாக ஒட்டாமல், செதில்களைக் கத்தரியால் வெட்டியெடுத்துப் பூவிதழ் மாதிரி ஒவ்வொன்றாக ஒட்டுங்கள்.

இலைக்கு, தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு (கிரேவிலியா) மரத்தின் உதிர்ந்த இலையைவிட அழகானது வேறில்லை. வெள்ளி நிற அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். பழைய பத்திரிகைத் தாளுக்குள் இரண்டு வாரம் அமுக்கி, முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை இலைகள் எப்படியும் பழுப்பாகும், அதைத் தடுக்கும் வார்னிஷ் கிடையாது. ஹோர்ட்டன் சமவெளி மாதிரியான தேசிய வனங்களில் இலையோ விதையோ எடுப்பது சட்டப்படி குற்றம், வீட்டு வேலியும் தோட்ட ஓரமும் போதும்.

விதையில் ஒன்று முக்கியம். முழுச் சிவப்பான மஞ்சாடியை ஒட்டுங்கள். கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணியை ஒட்ட வேண்டாம். அதற்குள் கடும் நஞ்சு உண்டு. துளையிடும்போது பறக்கும் தூளும், உதிர்ந்ததைச் சிறு பிள்ளை கடிப்பதும் உயிருக்கே ஆபத்து.

சூப்பர் குளூவால் மணிகளை ஒட்டியதும் கண்ணாடி முழுக்க வெண்புகை படிந்துவிட்டது.
*வாசகி, ஹப்புத்தளை*

அந்தப் பசையின் ஆவி ஈரக் காற்றில் இறுகிப் படிவது அது. கண்ணாடியில் என்றால் அசெட்டோன் தொட்டுத் துடைத்தால் போகும், பெயின்டில் படவிடாதீர்கள். இனிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

முடிந்த பிரேமை லயன் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். சுவர் எப்போதும் ஈரம். பிரேமும் கனம்.
*வாசகர், பொகவந்தலாவை*

கனத்துக்கு முதலில்: 12க்கு 18 அங்குலக் கண்ணாடி 2 மில்லிமீற்றர் தடிப்பில் மட்டுமே ஏறக்குறைய 700 கிராம். புட்டியும் பீங்கானும் சேர்ந்தால் இரண்டு கிலோ எளிதில் வரும். மேல் சட்டத்தின் நடுவில் ஒற்றை வளையம் போதாது, மூலை இணைப்பு இழுபடும். இரண்டு பக்கச் சட்டங்களிலும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் வளைய ஆணி வைத்து, கம்பி கட்டுங்கள்.

சுவரோடு பிரேம் ஒட்டவே கூடாது. கீழ் மூலைகளில் பழைய ரப்பர் செருப்பை வெட்டிய அரை அங்குலத் துண்டுகளை ஒட்டுங்கள், பின்னால் காற்று ஓடும். பின்பலகையைச் சுற்றிக் கடதாசி டேப் ஒட்டி மூடினால் தூசியும் பூச்சியும் உள்ளே போகாது. மழை அடிக்கும் வெளிச்சுவரை விட்டு, பக்கத்து அறையோடு சேரும் உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். அங்கும் ஆணி அடிக்கும் முன், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் துளி கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அங்கே மாட்ட வேண்டாம். அறைப்பக்கம் துளி கட்டினால் அது சமையல் ஆவியும் மூச்சும்தான். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மாட்டலாம்.